விக்கிரவாண்டி வெயிலில் ஒரு டர்போ வேகன்

மே மாதப் பிற்பகலில் விழுப்புரம் புறவழிச்சாலையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும்போது, ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.13 கிலோ. அதே காற்று 15 டிகிரியில் இருந்தால் 1.225 கிலோ. எட்டு விழுக்காடு காற்றை வெயிலே எடுத்துக்கொண்டுவிட்டது. கடலை ஒட்டிய சமவெளியில்தான் ஓடுகிறோம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் இன்ஜினைப் பொறுத்தவரை, 850 மீட்டர் உயர மலையில் கிடைக்கும் காற்றுதான் அதற்குக் கிடைக்கிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரையிலான நாற்பது கிலோமீட்டர் சாலையில் எங்கேயும் மலை கிடையாது. வெயில் மட்டும் உண்டு.

காற்று மெலிந்த இடத்தில் கைகொடுக்கும் கருவி டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூச்சி 1905இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1918இல் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மாஸ் ஒரு விமான இன்ஜினை லாரியில் ஏற்றி, கொலராடோவின் பைக்ஸ் பீக் சிகரத்துக்குக் கொண்டுபோனார். 14,000 அடி உயரத்தில் மூச்சுத் திணறிய இன்ஜின், டர்போ பொருத்தியதும் இழந்த வலுவைத் திரும்பப் பெற்றது. பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாக வெப்பமாக வெளியே போகிறது. அந்தச் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. கார் டர்போவின் அச்சு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுழலும். ஒரு பக்கச் சக்கரத்தின் மேல் படுவது 950 டிகிரிப் புகை, மறுபக்கச் சக்கரம் இழுப்பது நம் ஊர் வெயிற்காற்று. இரண்டுக்கும் நடுவே அச்சைத் தாங்குவது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே.

இதையெல்லாம் நாங்கள் பேசத் தொடங்கியது வேகன் கார்களால். கார்ப் பைத்தியம் பிடித்த நண்பர்கள் சிலர் ஞாயிறு விடியற்காலையில் திண்டிவனம் பக்கம் கூடுவோம். மயிலம் பிரியும் கூட்டேரிப்பட்டில் டீ, அதன் பிறகு பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேச்சு. பொதுவாக இப்படிப்பட்ட கூட்டங்களில் தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார்கள்தான் கவனத்தை ஈர்க்கும். எங்களுக்கோ, பின்னால் நீண்ட பெட்டியோடு, பாட்டியையும் பாத்திரத்தையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகிற வண்டிமேல்தான் பிரியம்.

வேகன் வகை இந்தியாவில் வேரூன்றவே இல்லை. டாடா 1992இல் 'எஸ்டேட்' கொண்டுவந்தது. 2000களில் டாடா இண்டிகோ மெரினா வந்தது, அதற்கு டர்போ டீசல் இன்ஜினும் கிடைத்தது. ஸ்கோடா ஆக்டேவியா கோம்பியும் அதே பத்தாண்டில் வந்தது. இருக்கையை மடிக்காமலேயே 548 லிட்டர், மடித்தால் 1,512 லிட்டர் இடம். வாங்கியவர்கள் குறைவு. 'பின்னால் இவ்வளவு நீளமா, ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கே' என்று உறவினர் சொல்லும் ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தனை பேர் செடான் வாங்கினார்களோ. எனக்கு இது உண்மையான வருத்தம். ஐரோப்பாவில் ஆடி 1994இல் ஆர்.எஸ்.2 என்ற வேகனை போர்ஷேயுடன் சேர்ந்து 315 குதிரைத்திறனில் செய்தது. ஆக்டேவியா கோம்பியின் ஆர்.எஸ். வகையை அங்கே 180 குதிரைத்திறனுக்கு வாங்க முடிந்தது. நாய்க்கூண்டையும் மடக்கு நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு மற்ற கார்களை முந்திப்போகும் குடும்ப வண்டி என்ற எண்ணம் அங்கே ஒரு மரபாகவே ஆகிவிட்டது. இங்கே அந்த இடத்தை டர்போ எஸ்.யூ.வி.கள் பிடித்துக்கொண்டன. ஆகவே எங்கள் வரிசையில் பழைய ஆக்டேவியாவும் மெரினாவும் நிற்கும், பக்கத்தில் வென்யூ, எக்கோஸ்போர்ட், மேக்னைட் எல்லாமும் நிற்கும். பெட்டியின் வடிவம் மாறினாலும் இயற்பியல் மாறுவதில்லை.

டர்போ நமக்கு அந்நியமும் இல்லை. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் எக்கோஸ்போர்ட்டை 2013 முதல் தயாரித்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 2019இல் 120 குதிரைத்திறன் வென்யூவைக் கொண்டுவந்தது. ஒரகடத்திலிருந்து மேக்னைட் வந்தது. டர்போசார்ஜரையே செய்யும் 'டர்போ எனர்ஜி' நிறுவனம் முன்பு வேலூர் மாவட்டத்திலிருந்த புலிவலத்திலும், மாமல்லபுரம் பக்கத்துப் பையனூரிலும் ஆலை நடத்துகிறது. இதற்கெல்லாம் முன்னால் லாரியும் பஸ்ஸும் இருக்கின்றன. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது பெரிய டீசல் வண்டிகள் ஒவ்வொன்றாக டர்போவுக்கு மாறின. விழுப்புரம் கோட்டத்துப் பேருந்து நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போது கேட்கும் 'ஸ்ஸ்ஸீ' என்ற சீழ்க்கை டர்போவினுடையதுதான். திண்டிவனத்து லாரி மெக்கானிக்குகளுக்கு டர்போவைப் பற்றித் தெரிந்த அளவு, நகரத்து ஷோரூம்களில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது என்பேன்.

அவர்களில் ஒருவரிடம், பூஸ்டை, அதாவது டர்போ தரும் கூடுதல் அழுத்தத்தை, கூட்டலாமா என்று எங்கள் குழுவின் இளைஞர் ஒருவர் கேட்டார். "கூட்டலாம் தம்பி. சூட்டை எங்க கொண்டுபோய் வெக்கப் போற, அத சொல்லு மொதல்ல" என்றார் மெக்கானிக். கணக்குப் போட்டுப் பார்த்தால், டர்போவை மாற்றியமைக்கும் கலை முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்குகிறது.

சைக்கிள் பம்பால் காற்றடித்தவர்களுக்கு அதன் அடிப்பகுதி சுடுவது தெரியும். காற்றை அழுத்தினால் சூடேறும். டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரசருக்குள் 40 டிகிரியில் நுழையும் காற்றை, வளிமண்டல அழுத்தத்தைவிட 0.8 பார் கூடுதலாக அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். இழப்பே இல்லாத கம்ப்ரசராக இருந்தால் காற்று 97 டிகிரியில் வெளியே வரும். உண்மையான கம்ப்ரசர் 70 விழுக்காடு திறனுடையது என்றால் அது 122 டிகிரி. சூடான காற்று விரியும், விரிந்தால் அடர்த்தி குறையும். அழுத்திச் சேர்த்த காற்றில் ஒரு பகுதியைச் சூடு மறுபடியும் களவாடிவிடுகிறது. அதனால்தான் நடுவில் இன்டர்கூலர் வைக்கிறார்கள். ரேடியேட்டரைப் போன்ற அமைப்பு, ஆனால் உள்ளே ஓடுவது தண்ணீர் அல்ல, அழுத்தப்பட்ட காற்று. வெளிக்காற்றுக்கும் உள்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டில் முக்கால் பங்கை அது எடுத்துவிட்டால், 122 டிகிரி 60 டிகிரியாக இறங்கும். இன்ஜினுக்குக் கிடைக்கும் காற்றின் எடை சுமார் 19 விழுக்காடு கூடும். டர்போவைத் தொடாமலேயே கிடைக்கிற லாபம் இது.

இனி பூஸ்டைக் கூட்டுவோம். அதே காற்றை 1.2 பார் வரை அழுத்தினால், கம்ப்ரசர் தன் வசதியான எல்லையைக் கடந்து திறனையும் சற்று இழக்கும். வெளிவரும் காற்று 155 டிகிரியைத் தாண்டும். அதே இன்டர்கூலர் அதை 69 அல்லது 70 டிகிரிக்குத்தான் இறக்கும். இது வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, முகப்பில் காற்று அடிக்கும்போது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பொங்கலுக்கு முந்தைய நாள் வரிசையில் ஊர்ந்து நில்லுங்கள். இன்டர்கூலரின் அலுமினியமே இன்ஜின் அறையின் சூட்டை வாங்கித் தேக்கிக்கொள்ளும். டோலைத் தாண்டிப் பெடலை அழுத்தும் முதல் சில நொடிகளில் அது காற்றைக் குளிர்விப்பதற்குப் பதிலாகச் சூடேற்றவே செய்யும். 'டோல் தாண்டினதும் வண்டி இழுக்கவே மாட்டேங்குது' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

அப்போது கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்பது இந்தத் தொழில்நுட்பத்தில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி. சிலிண்டருக்குள் தீப்பொறி விழுந்த பிறகு தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவ வேண்டும். தீ போய்ச் சேர்வதற்கு முன்பே, மூலையில் இருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானே வெடித்தால், அதைத்தான் 'நாக்' என்கிறோம். அந்த வெடிப்பின் அதிர்ச்சி சிலிண்டருக்குள் மணிபோல் ஒலிக்கும். 81 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் அதன் ஒலி வினாடிக்கு 7,000 அதிர்வுக்கு அருகில் இருக்கும். இன்ஜின் பிளாக்கில் திருகி வைத்த சின்ன உணரி அந்த அதிர்வெண்ணுக்காகவே காத்திருக்கிறது. கேட்ட உடனே ஈ.சி.யூ. என்ற அந்தக் கம்ப்யூட்டர் தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தும். நாக் நிற்கும், ஆனால் வலுவும் இறங்கும், வெளியேறும் புகையின் சூடும் ஏறும். அந்தச் சூடு மறுபடியும் டர்போவின் தலையில்தான் விழுகிறது. ஆக, ரீமேப் செய்து, அதாவது ஈ.சி.யூ.வின் மென்பொருளை மாற்றி, ஜனவரி விடியலில் 190 குதிரைத்திறன் காட்டிய வண்டி, மே மாத மதியத்தில் தன் பழைய 150க்கே இறங்கி நிற்கலாம். கம்பெனி எண்ணைவிட அதிகம் கொடுத்தோம் என்ற பெருமையைத் தாளில் வைத்துக்கொள்ளலாம். சாலையில் அது கிடைக்காது.

நம் ஊருக்கு வந்த ஆக்டேவியா வி.ஆர்.எஸ். செடானின் 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் 150 குதிரைத்திறன் கொண்டது. அதே குடும்பத்து இன்ஜினை ஆடி தன் டி.டி. காரில் 180ஆகவும் 225ஆகவும் விற்றது. 225 கொடுக்க வேண்டியபோது அந்த நிறுவனம் பெரிய டர்போ வைத்ததோடு நிற்காமல் இன்டர்கூலரை இரண்டாக்கியது. எண்ணைக் கூட்டியவர்களே சூட்டுக்கு இடம் ஒதுக்கினார்கள். வெறும் மென்பொருளை மாற்றி அதே எண்ணைக் கேட்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஆகவே எங்கள் குழுவில் ஒரு பழக்கம் நிலைத்துவிட்டது. ஒரு பழைய டர்போ வண்டி வந்தால் முதலில் அதைப் பிறந்தபோது இருந்த உடல்நிலைக்குக் கொண்டுவருவோம். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைக் கழற்றி, வளைவுகளில் விரலால் அழுத்தி விரித்துப் பார்க்க வேண்டும். கிளாம்ப் கடித்த இடத்தில் தலைமுடி அளவு விரிசல் தெரியும். சும்மா நிற்கும்போது அது மூடியே இருக்கும், பூஸ்ட் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும். விரிசலைச் சுற்றி எண்ணெய்ப் பசையில் செம்மண் தூசி ஒட்டியிருந்தால் அங்கேதான் காற்று கசிகிறது. உள்ளே அளந்து எடுத்த காற்று வழியில் வெளியேறிவிடுவதால் பெட்ரோல் கூடுதலாகிக் கரும்புகை வரும். கேட்ட அழுத்தத்தை எட்டுவதற்காக டர்போவும் வழக்கத்தைவிட வேகமாகச் சுழலும். அந்த 1.8 இன்ஜினில் டைவர்ட்டர் வால்வின் ரப்பர் சவ்வு கிழிவதும் அடிக்கடி காணும் நோய். ஒரு சில நூறு ரூபாய் கிளாம்பும் ஒரு புது ஹோஸும் தரும் மாற்றத்தைப் பார்த்து, ரீமேப்புக்காகச் சேர்த்த காசை வேறு செலவுக்கு வைத்துக்கொண்டவர்கள் எங்களில் உண்டு.

அடுத்தது அச்சு. காற்று உள்ளே போகும் குழாயைக் கழற்றிவிட்டு, இன்ஜின் ஆறியபின், கம்ப்ரசர் சக்கரத்தின் நடு நட்டை இரு விரலால் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்க்கலாம். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருப்பது இயல்பு, எண்ணெய்ப் படலத்துக்கான இடைவெளி அது. சக்கரத்தின் இதழ் சுவரைத் தொட்டாலோ, முன்னும் பின்னும் நகர்ந்தாலோ டர்போவின் ஆயுள் முடிந்தது. அந்த வண்டியில் பூஸ்ட் பேச்சே கூடாது. எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்றாததும், நெடுஞ்சாலையில் விரட்டி வந்து உடனே சாவியைத் திருப்பி அணைப்பதும்தான் டர்போவைக் கொல்கின்றன. இன்ஜின் நின்றால் எண்ணெய் ஓட்டமும் நிற்கிறது. புகைப்பக்கத்துச் சூடு மெல்ல அச்சுக்கு ஏறி, தேங்கிய எண்ணெயைக் கரியாக்குகிறது. விக்கிரவாண்டியில் சாப்பிட இறங்குவதற்கு முன் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினாலே போதும்.

பெட்ரோல் பக்கம் வருவோம். விக்கிரவாண்டிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் வெல்லப்பாகு எத்தனாலுக்கான மூலப்பொருள்களில் ஒன்று. இந்த வட்டாரத்துக் கரும்பு ஏதோ ஒரு வடிவில் நம் பெட்ரோல் டேங்குக்கே வந்துசேர்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றி நிறையச் சண்டை நடக்கிறது. டர்போ வைத்திருப்பவன் அதை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். எத்தனால் ஆவியாகும்போது சுற்றியிருப்பதிலிருந்து நிறைய வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், நாக்கையும் நன்றாகத் தாங்கும். டர்போ இன்ஜினுக்கு இரண்டுமே நன்மை. மறுபக்கம், லிட்டருக்கான ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான், ஆகவே மைலேஜ் குறையும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று தேவை என்றால், இந்தக் கலவைக்கு 13.5 போதும். அதாவது அதே காற்றுக்கு எட்டொன்பது விழுக்காடு கூடுதல் எரிபொருள் பீச்ச வேண்டும். புதிய கார்கள் இதற்காகவே வடிவமைக்கப்படுகின்றன. இருபது வயது வேகன் அப்படியல்ல. அதன் எரிபொருள் ரப்பர் குழாய்களைத் தகுந்தவையாக மாற்றிவிட்டு, ஸ்கேனரில் எரிபொருள் திருத்த எண்ணைப் பார்த்த பிறகே பூஸ்டைப் பற்றி நினைக்கலாம். பூஸ்ட் கூட்டி, பழைய இன்ஜெக்டர் போதாமல் கலவை மெலிந்தால் பிஸ்டன் உருகும்.

நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீச்சும் சிறிய டர்போ இன்ஜின்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஐந்து பேரும் மூட்டையுமாக மேம்பாலம் ஏறும்போது, 1,500 சுற்றில் உயர் கியரிலேயே பெடலை முழுக்க மிதித்தால், தீப்பொறி விழுமுன்னே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கக்கூடும். எண்ணெய்த் துளிகளும் படிவுகளும் இதற்குத் தூண்டுதலாகின்றன என்பதால், இதைக் குறைக்கும் ஏ.பி.ஐ. எஸ்.பி. தர எண்ணெய் 2020இல் வந்தது. அந்த எழுத்துகளை டப்பாவில் பார்த்து வாங்குங்கள். ஒரு கியர் இறக்குங்கள். மாற்றியமைக்காத வண்டிக்கும் இது பொருந்தும்.

டீசல் வேகனில் கதை வேறு. அங்கே நாக் தடை இல்லாததால் எரிபொருளை இஷ்டத்துக்குக் கூட்டிவிடலாம், இழுவை உடனே தெரியும். காற்று போதாத எரிபொருள் கரியாக வெளியே வரும். பின்னால் வரும் பைக்காரர் மூச்சில் போகும் அந்தக் கரும்புகையை வீரமாகக் காட்டும் வீடியோக்களை நான் வெறுக்கிறேன். கரி வடிகட்டியைப் பிடுங்கி எறிவதும் அதே வகைதான்.

வலுவைவிட எனக்குக் கவலை தருவது நிறுத்தம். வேகன் குடும்பத்தை ஏற்றுவதற்காகப் பிறந்தது. ஆட்களோடும் சாமானோடும் 1,800 கிலோ என்று வைத்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 7 லட்சம் ஜூல். ஒவ்வொரு முறை முழுதாக நிறுத்தும்போதும் அத்தனையும் டிஸ்க்கிலும் பேடிலும் வெப்பமாகச் சேர்கிறது. வேகத்தை 80இலிருந்து 110 ஆக்கினால் ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அரவைப் பருவத்தில் முண்டியம்பாக்கம் பக்கம் இரவில் ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். பின்விளக்கில்லாமல், அகலத்துக்கு மீறி அடுக்கிய கரும்போடு ஒரு டிராக்டர் டிரெய்லர் நம் விளக்கொளியில் திடீரென்று எழும். அந்த நேரத்தில் உதவப்போவது நல்ல டயரும், புதிய பேடும், சுத்தமான பிரேக் ஆயிலும்தான். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சியபின் அந்த எல்லை 155க்கே இறங்கிவிடலாம். கடலோர ஈரப்பதத்தில் ஓடும் வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது எந்த ரீமேப்பைவிடவும் முதன்மையான வேலை.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்கிறது. காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீட்டுக்குத் தடையாக வந்து நிற்கலாம். இன்ஜினை ஆரோக்கியமாக்குவது, தரமான டயர், நிறுவனம் குறித்த தரத்துக்குள் பேடு, எண்ணெய் எல்லாம் பராமரிப்பு. இவற்றிலேயே ஓர் ஆர்வலனுக்கு ஆண்டு முழுக்க வேலை இருக்கிறது.

உண்மையில் வேகத்தைச் சுவைக்க வேண்டுமென்றால் இடம் இருங்காட்டுக்கோட்டை. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திப் பேர்பெற்றது. அதன் சொந்தப் பந்தயத் தடம் 1990 முதல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இந்த ஊரில் இருக்கிறது. சுற்று 3.7 கிலோமீட்டர். எதிரே லாரி இல்லை, குறுக்கே மாடு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே ஒரே வளைவை மீண்டும் மீண்டும் ஒரே வேகத்தில் எடுக்கலாம், அறிவியலுக்கு வேண்டியது அதுதான். காரின் கம்ப்யூட்டர் தரவைப் படிக்கும் ஓ.பி.டி. துளையில் சிறு கருவியைச் செருகி, உள்ளே போகும் காற்றின் வெப்பம், பூஸ்ட், தீப்பொறிக் கோணம் மூன்றையும் பதிவுசெய்து கொள்வோம். முதல் சுற்றில் 50 டிகிரியில் இருந்த காற்று அடுத்தடுத்த சுற்றுகளில் ஏற ஏற, கோணம் படிப்படியாகப் பின்வாங்குவது திரையில் கோடாகத் தெரியும். ஒருவர் வண்டியின் கோடு தட்டையாக நிற்கும், இன்னொருவருடையது சரியும். உடனே விவாதம் தொடங்கும்: இன்டர்கூலர் முகப்பில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கிறதா, பம்பருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே காற்றை வழிநடத்தும் பிளாஸ்டிக் தகடு எந்தப் பழுதுபார்ப்பிலோ தொலைந்துபோனதா. அந்தத் தகடு இல்லையென்றால் காற்று இன்டர்கூலருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். பழைய ஆக்டேவியா ஒன்றில் அது இல்லை என்று கண்டதும், அளவெடுத்து ஒரு தகட்டை வெட்டி அங்கேயே பொருத்தினோம். அடுத்த ஓட்டத்தில் அதன் கோடு நிமிர்ந்தது.

ஓட்டம் முடிந்தால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி டர்போவையும் பிரேக்கையும் ஆற விடுவோம். பிறகு ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைப்போம். சுட்ட டிஸ்க்கை பேடு அழுத்திக் கடித்திருந்தால் அந்த இடத்தில் படிவு ஒட்டி அதிர்வு வரும். டயர் ஆறிய பிறகு காற்றழுத்தத்தைக் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ள முழுச்சுமை அளவுக்கு ஏற்றிக்கொண்டு, பின்னிருக்கையை நிமிர்த்தி, குழந்தை இருக்கையை மாட்டிக்கொண்டு திண்டிவனத்துக்குத் திரும்புவோம்.